அசல் சம்மனுக்குக் கத்தத் தெரியாது

கோர்ட்டிலிருந்து வரும் அசல் காகிதத்தைப் பார்த்தால் யாருக்கும் பயம் வருவதில்லை. எங்கள் தெருவின் பாதிப் பிரச்சினை இதனால்தான்.

நான் முன்சீப் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். வக்கீல் இல்லை, நீதிபதி இல்லவே இல்லை. ஆனாலும் தெரு எனக்குக் ‘கோர்ட்டு சார்’ என்று பட்டம் கொடுத்துவிட்டது. கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தால் என்னிடம் காட்டமாட்டார்கள். கடன் சம்பந்தமாக எது வந்தாலும் நேராக என் வீட்டுக்குத்தான் வரும். “சார், இது ஒரிஜினலா, டூப்ளிகேட்டா?”

அண்மையில் தையல்கடைத் தம்பி வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. செல்போனை நீட்டினார். வாட்ஸ்அப்பில் ஒரு பி.டி.எஃப்.

நான் சர்வீஸில் இருந்த காலத்தில் அவ்வளவு அழகான கோர்ட்டுக் காகிதத்தைப் பார்த்ததே இல்லை. சிங்கமுகச் சின்னம் ஒன்று போதாதென்று இடத்தில் ஒன்று, வலத்தில் ஒன்று, நடுவில் ஒன்று. பின்னணியில் கண்ணைக் கட்டிக்கொண்டு தராசு பிடித்த நீதிதேவதை. (உச்ச நீதிமன்ற நீதிபதிகள் நூலகத்தில் வைத்திருக்கும் புதிய சிலையில் தேவதைக்குக் கண்கட்டு கிடையாது, வாள் இருந்த கையில் அரசியல் சாசனம். 2024-இல் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. கடிதம் தயாரிப்பவர்கள் பத்திரிகை படிப்பதில்லை போலிருக்கிறது.) அடியில் சிவப்பு எழுத்தில் ‘கடைசி எச்சரிக்கை’.

“முதல் எச்சரிக்கை எப்ப வந்துச்சு தம்பி?”

“வரலையே சார்.”

சி.பி.ஐ., ரிசர்வ் வங்கி, டில்லி ஐகோர்ட், சைபர் கிரைம் என்று நான்கு பேரும் ஒரே தாளில் முத்திரை குத்தியிருந்தார்கள். அரசாங்கத்தில் இரண்டு இலாகாக்கள் சேர்ந்து ஒரு கோப்பில் கையெழுத்துப் போட எத்தனை காலம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். நான்கு இலாகாக்கள், அதுவும் ஒரே நாளில், காலண்டரைப் பார்த்தால் அந்த நாள் ஞாயிற்றுக்கிழமை! அந்த இடத்திலேயே எனக்கு மனசு லேசாகிவிட்டது. தம்பிக்கு ஆகவில்லை. “420-னு போட்டிருக்கே சார்” என்றார்.

இந்திய தண்டனைச் சட்டம் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவுக்கு இடம் விட்டு ஒதுங்கிவிட்டது. மோசடிக்கு இப்போது பிரிவு 318. ஆனால் 420-க்கு இருக்கும் செல்வாக்கு 318-க்கு வர வேண்டுமென்றால் சினிமாக்காரர்கள் மனசு வைக்க வேண்டும். அதற்காக 420 என்று கண்டவுடன் போலி என்று தீர்ப்பெழுதவும் முடியாது. அந்தத் தேதிக்கு முந்தைய சம்பவத்துக்குப் பழைய பிரிவுதான். தவிர, நோட்டீஸ் டைப் அடிக்கும் அசல் குமாஸ்தாக்களின் விரல்களும் அவ்வளவு சீக்கிரம் பழக்கத்தை விடாது.

தம்பி ஏதோ ஒரு லோன் ஆப்பில் மூவாயிரம் ரூபாய் வாங்கி, வட்டியோடு கட்டியும் முடித்தவர். கடிதமோ, இரண்டு மணி நேரத்துக்குள் ‘சமரசக் கட்டணம்’ அனுப்பாவிட்டால் கைது, கூடவே தையல் மெஷின் ஜப்தி என்றது. பணம் அனுப்ப ஒரு செல்போன் எண். கோர்ட்டுக் கட்டணத்தை ஆன்லைனில் கட்ட வழி உண்டு. ஆனால் எந்த நீதிபதியும் தன் ஜிபே எண்ணைக் கொடுத்து, ‘அனுப்பிட்டு ஸ்க்ரீன்ஷாட் போடுங்க’ என்று உத்தரவு எழுதுவதில்லை.

கைது விஷயமும் அப்படித்தான். வாங்கிய கடனைத் திருப்பிக் கட்டவில்லை என்பதற்காக மட்டும் போலீஸ் வந்து யாரையும் அள்ளிக்கொண்டு போவதில்லை. அது சிவில் சமாச்சாரம். வழக்குப் போட்டு, தீர்ப்பாகி, அதன் பிறகும் கையில் வசதி இருந்துகொண்டே ஏய்க்கிறார் என்று விசாரணையில் கோர்ட் கண்டால் சிவில் சிறை என்று ஒன்று உண்டு. அந்த இடத்துக்குப் போய்ச் சேருவதற்குள் எத்தனை வாய்தா என்பதை நம் ஊரில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. இரண்டு மணி நேரத்தில் அங்கே வாய்தா தேதிகூட வாங்க முடியாது.

தையல் மெஷின்தான் எனக்குப் பிடித்த பகுதி. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 1908-ஆம் வருஷத்தது. வெள்ளைக்காரன் போட்டதுதான், ஆனால் அதன் 60-ஆம் பிரிவைப் படித்தால் எழுதியவனுக்கும் ஒரு குடும்பம் இருந்திருக்கும் என்று தோன்றும். உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை இவற்றை ஜப்தி செய்யக்கூடாது. மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக்கூடாத நகையைத் தொடக்கூடாது. கைத்தொழில் செய்பவனின் கருவிகளையும் தொடக்கூடாது. “கோர்ட்டே தொடத் தயங்குற மெஷினை இந்த வாட்ஸ்அப்காரன் தூக்கிட்டுப் போயிடுவானாக்கும்” என்றேன். தம்பி முதல்முறையாகச் சிரித்தார். பிறகு, “அப்ப கட்ட வேண்டாமா சார்?” என்று மறுபடியும் கேட்டார். பயத்துக்குச் சட்டம் புரிய நேரமாகும்.

இப்போது அசலுக்கு வருவோம்.

அசல் சம்மன் பார்க்க மகா சோகையாக இருக்கும். மங்கலான அச்சு, நடுநடுவே பேனாவால் நிரப்பிய இடங்கள், பாதி விழுந்து பாதி விழாத வட்ட முத்திரை, படிக்க முடியாத கையெழுத்து. இந்த இரண்டும், அதாவது முத்திரையும் கையெழுத்தும், சட்டப்படி இருந்தே ஆக வேண்டியவை. அழகாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. எந்தக் கோர்ட், அசல் வழக்கு எண் என்ன, எந்த வருஷம், வாதி யார், பிரதிவாதி யார், அவர் தகப்பனார் பெயர் என்ன, விலாசம் எது, எந்தத் தேதி காலை 10.30-க்கு வர வேண்டும் என்று எல்லாம் இருக்கும். கூடவே பிராது நகல் ஒன்று தைத்திருக்கும். நகல் இல்லாமல் வெறும் சம்மன் வந்தால் ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மிரட்டல்? அதுவும் உண்டு. ‘தாங்கள் ஆஜராகத் தவறினால் தாங்கள் இல்லாமலேயே வழக்கு விசாரித்து முடிவு செய்யப்படும்.’ அவ்வளவுதான். சிவப்பு மை கிடையாது, ஆச்சரியக்குறி கிடையாது. ஆனால் இதுவரை எழுதப்பட்ட கடன் கடிதங்களிலேயே நிஜமாகப் பயப்பட வேண்டிய வாக்கியம் இதுதான்.

எங்கள் பால்காரருக்கு வந்தது இந்த ரகம். அமீனா வீடு தேடி வந்து கையெழுத்துக் கேட்டிருக்கிறார். பால்காரர் விவரமானவர். “கையெழுத்துப் போட்டாத்தானே மாட்டுவோம்” என்று மறுத்துவிட்டார். அமீனா ஒன்றும் பேசவில்லை. பையிலிருந்து பசை எடுத்து நகலைக் கதவில் ஒட்டிவிட்டு, ‘வாங்க மறுத்தார், கதவில் ஒட்டினேன்’ என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. கோர்ட் அதை ஏற்றால் கையில் வாங்கியதற்குச் சமம். பால்காரரின் மகன் கதவிலிருந்து உரித்து, பின்பக்கம் வெறுமையாக இருக்கிறதே என்று கணக்குப் போட்டிருக்கிறான். சம்மன் கைக்கு வந்தால் 30 நாளுக்குள், கோர்ட் அனுமதித்தால் அதிகபட்சம் 90 நாளுக்குள், எதிர் வழக்குரை போட வேண்டும். பையன் வகுத்தல் கணக்குகளை முடித்த நேரத்தில் அப்பாவுக்கு எக்ஸ்பார்ட்டி தீர்ப்பாகிவிட்டது. அதை நீக்கக் கேட்க வழி இருக்கிறது, அதற்கும் 30 நாள் கெடு, நல்ல காரணமும் வேண்டும். “கையெழுத்தே போடலையே” என்பது நல்ல காரணத்தில் சேராது என்று அவருக்கு விளங்க வைக்க இரண்டு டீ செலவானது.

அசலா போலியா என்று பார்க்க நானே தேவையில்லை என்பதுதான் உண்மை. கோர்ட்டில் பதிவாகும் ஒவ்வொரு வழக்குக்கும் சி.என்.ஆர். என்று 16 இலக்கத்தில் ஓர் எண் உண்டு. எழுத்தும் எண்ணும் கலந்திருக்கும், தமிழ்நாட்டுக் கீழ்க்கோர்ட் வழக்கானால் டி.என். என்று தொடங்கும். இ-கோர்ட்ஸ் என்ற அரசாங்கச் செயலியில் அதைப் போட்டால் வழக்கின் ஜாதகம் வந்துவிடும். எண் இல்லாவிட்டாலும் மாவட்டத்தையும் கோர்ட்டையும் தேர்ந்தெடுத்து உங்கள் பெயரைப் போட்டுத் தேடலாம். எண் சரியாக இருந்தால் மட்டும் போதாது, வாதி பிரதிவாதி பெயரும் பொருந்துகிறதா என்று பாருங்கள். யாரோ ஒருவருடைய பாகப்பிரிவினை வழக்கின் எண்ணைத் தூக்கி உங்கள் தலையில் வைக்கிறவர்களும் உண்டு. செயலியில் நம்பிக்கை இல்லையா, பஸ் ஏறிக் கோர்ட்டுக்கே போய் அலுவலகத்தில் கேளுங்கள். என் இடத்தில் இப்போது இருப்பவர் என்னைவிட நிதானமானவர்.

வாட்ஸ்அப்பில் வந்ததாலேயே போலி என்றும் சொல்லிவிட முடியாது. 2020-இல் கொரோனா காலத்தில் உச்ச நீதிமன்றமே வாட்ஸ்அப் போன்றவற்றில் சம்மன் அனுப்ப வழி திறந்துவிட்டது. வந்த வழியைப் பார்க்காமல் வழக்கு எண்ணைப் பார்ப்பதுதான் சரி.

அசலுக்கும் போலிக்கும் நடுவில் ஒரு ஜாதி இருக்கிறது, வக்கீல் நோட்டீஸ். அது அசல்தான், ஆனால் வழக்கு அல்ல. வழக்குப் போடப் போகிறேன் என்ற அறிவிப்பு. போடுவார்கள், போடாமலும் இருப்பார்கள். ஆனால் நீங்கள் கொடுத்த செக் திரும்பி, அதற்காக வந்த நோட்டீஸாக இருந்தால் விளையாட்டு வேண்டாம். மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-ஆம் பிரிவு. நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் பணம் கட்டாவிட்டால் அது கிரிமினல் வழக்காகும். இரண்டு வருஷம் வரை சிறைக்கும், செக் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதத்துக்கும் இடமுண்டு.

பார்க்கப் போலியாகவே தெரியும் அசல் ஒன்றும் இருக்கிறது. எங்கோ ஒரு ஊரில் இரண்டாவது மாடி ஃபிளாட் விலாசத்திலிருந்து ‘நடுவர்’ ஒருவர் உங்களை ஆஜராகச் சொல்வார். குப்பையில் போடாதீர்கள். கடன் பத்திரத்தில் பொடி எழுத்தில் அவருக்கு நீங்கள் சம்மதித்திருக்கலாம்; அவர் போடும் தீர்ப்பைக் கோர்ட் தீர்ப்பைப் போலவே நிறைவேற்றலாம். கடன் கொடுத்தவரே தன்னிச்சையாக அவரை நியமித்திருந்தால் ஆட்சேபிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் துணை நிற்கின்றன. ஆனால் ஆட்சேபிக்கவும் கடிதத்தைப் படித்திருக்க வேண்டும்.

நடுவரே போலியாக இருந்தால்? 2024-இல் குஜராத்தில் ஒருவர் கைதானார். தானே நடுவர், தானே நீதிபதி என்று அலுவலகத்தைக் கோர்ட் மாதிரியே அமைத்து, நில வழக்குகளில் உத்தரவு போட்டு வந்தார் என்பது அவர் மீதான புகார். அதே வருஷம் லூதியானாவின் பெரிய ஜவுளி நிறுவனத் தலைவர் ஒருவரை வீடியோவில் போலி உச்ச நீதிமன்றத்தின் முன் நிறுத்தி 7 கோடி ரூபாய் கறந்தார்கள். தலைமை நீதிபதி வேஷத்துக்கும் ஆள் இருந்தது. அவ்வளவு படித்தவர்களுக்கே அந்தக் கதி என்றால், தையல்கடைத் தம்பி என்னிடம் மூன்று முறை திரும்பத் திரும்பக் கேட்டதை நான் தப்பாக எடுத்துக்கொள்ள முடியாது.

வங்கி மற்றும் நிதி நிறுவன வசூல்காரர்கள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கடன்காரரைக் கூப்பிடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. என் வீட்டு அழைப்புமணிக்கும் இது பொருந்தும் என்று தெருவாசிகள் தயவுசெய்து கருத வேண்டும்.

மற்றபடி, கடிதத்தில் இருக்கும் எண்ணுக்குப் போன் செய்யாதீர்கள். வங்கிக்குப் பேச வேண்டுமென்றால் பாஸ்புக்கிலோ கார்டின் பின்புறமோ இருக்கும் எண்ணுக்குப் பேசுங்கள். போலி என்று தெரிந்தால் 1930-க்குச் சொல்லுங்கள். அசல் என்று தெரிந்து வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100 இருக்கிறது. தகுதி உள்ளவர்களுக்கு வக்கீலை இலவசமாகவே தருவார்கள். வாய்தா தேதியன்று காலை 10.30-க்கு மட்டும் கோர்ட்டில் இருந்துவிடுங்கள்.