புள்ளி வைத்த பக்கங்கள்

கேள்வி: அந்தக்காலத்துப் பத்திரிகைகளில் கோலமும் எம்பிராய்டரி டிசைனும் பக்கம் பக்கமாக வருமே, இப்போது ஏன் காணோம்?

பதில்: கைபேசிக்குள் குடிபோய்விட்டன. மார்கழி இதழோடு வந்த கோலப் புத்தகத்தில் ‘15 புள்ளி, இடைப்புள்ளி 8 வரை’ என்ற ஒற்றை வரிதான் பாடம். எந்தப் புள்ளியில் ஆரம்பிப்பது என்பதை நாமே கண்டுபிடிக்க வேண்டும். மூளைக்கும் வேலை, முதுகுக்கும் வேலை! பூ டிசைன் என்றால் பட்டர் பேப்பரில் படியெடுத்து, கோடு நெடுக ஊசியால் குத்தி, மண்ணெண்ணெயில் குழைத்த நீலத்தைப் பஞ்சால் தேய்த்தால் துணியில் பூ பூக்கும். 2020இல் கல்கியும் மங்கையர் மலரும் அச்சை விட்டு இணையத்துக்குப் போயின. வீடியோவில் கை ஓடும் திசையே தெரிகிறது. பெரிய வசதி, மறுக்கமாட்டேன். ஆனால் அம்மா ஊசி குத்திய அந்தத் தாள்கள் இன்னும் என் பீரோவில்தான் இருக்கின்றன.