ஆயிரம் ரூபாய்ப் பாதை

தண்டவாளத்தைப் பிடுங்குவதில் நம் ரயில்வேயை அடித்துக்கொள்ள ஆளில்லை. மதுரை–போடி மீட்டர் கேஜ் பாதையில் 2010-ஆம் ஆண்டோடு ரயிலை நிறுத்தினார்கள். அகலப்பாதை ஆக்கப்போகிறோம், கொஞ்சம் பொறுங்கள் என்றார்கள். தேனிக்காரர்கள் பொறுத்தார்கள். சென்னை வடபழனியில் குடியிருக்கிற தேனிக்காரர்களும் பொறுத்தார்கள். அவர்கள் இங்கே கொஞ்சநஞ்சமல்ல. அல்லிநகரத்து பாரதிராஜாவும் பண்ணைப்புரத்து இளையராஜாவும் வந்து சினிமாவில் ஜெயித்த நாள் முதலாக, ஆற்காடு சாலையிலும் சாலிகிராமத்துச் சந்துகளிலும் டீக்கடை பெஞ்சுக்குப் பெஞ்சு ஒரு தேனிக்காரர் கதை சொல்லிக்கொண்டிருக்கிறார். பத்து வருஷம், பதினைந்து வருஷம் வாய்ப்புக்குக் காத்திருக்கப் பழகிய ஜனம். ரயில்வேக்கு இதைவிடத் தோதான வாடிக்கையாளர் எங்கே கிடைப்பார்?

மொத்தமே 90 கிலோமீட்டர். புதிதாக நிலம் தேடி, மலை குடைந்து போடுகிற பாதையும் அல்ல. ஏற்கெனவே ரயில் ஓடிக்கொண்டிருந்த தடம். உசிலம்பட்டி வரைக்குமான 37 கிலோமீட்டரை முடித்துச் சோதனை ஓட்டம் விடுவதற்குள் 2020 பிறந்துவிட்டது. வருஷத்துக்கு நாலு கிலோமீட்டர். வழிநெடுக மண்டகப்படிக்கு நின்று நின்று வருகிற கள்ளழகரே அழகர்கோவிலிலிருந்து இரண்டு நாளில் மதுரைக்கு வந்துவிடுகிறார். அவருக்கு டெண்டர் கிடையாது.

ஆண்டிபட்டிக் கணவாயில் பாறை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 1928-இல் தென்னிந்திய ரயில்வே கம்பெனிக்காரன் இந்தப் பாதையைத் திறந்தபோதும் அது அங்கேதான் இருந்தது. அவன் ஒன்றும் நம் மேல் பாசம் பொங்கி வந்தவனல்ல. மலை மேலிருந்து ஏலக்காயும் தேயிலையும் இறங்கவேண்டியிருந்தது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை குட்டி ரயில் விட்டு, அங்கிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்குத் தேயிலையை இறக்கிப் போடிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள் தோட்ட முதலாளிகள். 1924 வெள்ளம் அந்தக் குட்டி ரயிலை வாரிக்கொண்டு போனது. நாலு வருஷத்தில் போடிக்கே ரயில் வந்துவிட்டது. இரண்டாம் உலகப் போரில் அந்தத் தண்டவாளத்தையும் கழற்றிக்கொண்டு போனார்கள். போர் முடிந்து, சுதந்திரமும் வந்து, ஐம்பதுகளில்தான் திரும்பப் போட்டார்கள். அப்போது ஹிட்லரைக் காரணம் சொல்ல முடிந்தது. 2010-க்குப் பிறகு யாரைச் சொல்வது?

ஆள் இல்லை, திறமை இல்லை என்று மட்டும் யாரும் வாயைத் திறக்கவேண்டாம். அதே 1928-இல்தான் நாகப்பட்டினத்துப் பணிமனையைத் திருச்சி பொன்மலைக்குக் கொண்டுபோனார்கள். அதையே சாக்காக வைத்து ஆயிரக்கணக்கில் ஆட்குறைப்பு. தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தொழிலாளர் தலைவர் சிங்காரவேலர் சிறைக்குப் போனார். அப்படி எழுந்த பொன்மலைக் கூடத்தில் இந்த நூற்றாண்டில் என்ன செய்தார்கள் தெரியுமா? நீலகிரி மலை ரயிலுக்குப் புத்தம் புது நீராவி எஞ்சின். ஒரு காலத்தில் சுவிட்சர்லாந்திலிருந்து கப்பலில் வந்த பல்சக்கர எஞ்சின். உலகமே நீராவியை மறந்த பிறகு, 2011-இல், நம் ஃபிட்டர்களும் வெல்டர்களும் அதைத் தங்கள் கையால் உருவாக்கி ஊட்டி மலையேற்றினார்கள். கொதிகலனைச் செய்யத் தெரிந்தவனுக்குத் தண்டவாளம் போடத் தெரியாதா?

பொன்மலை தூரம் என்றால் நம்ம பெரம்பூர். ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் பதினெட்டே மாதத்தில் ‘ட்ரெயின் 18’ என்று ஒரு ரயிலையே வடிவமைத்துக் கட்டி 2018-இல் வெளியே விட்டார்கள். அதற்கு வந்தே பாரத் என்று பெயர் சூட்டினார்கள். அது முதலில் எங்கே ஓடியது? டெல்லியிலிருந்து வாராணசிக்கு. செய்த ஊருக்கு வந்துசேர இன்னும் மூன்றே முக்கால் வருஷம் ஆனது. சமைத்தவர்களுக்குக் கடைசிப் பந்தி என்பது ரயில்வேயிலும் உண்டுபோல.

ஆக, ஆள் உண்டு, கை உண்டு, கூடமும் உண்டு. இல்லாதது பணம், அதாவது, நமக்கென்று ஒதுக்குகிற பணம். திட்டத்துக்கு ஒப்புதல் என்பது ஒரு நாள் கைதட்டல். அதன் பிறகு வருஷாவருஷம் பட்ஜெட்டில் கிள்ளித் தெளிப்பார்கள். காசு தீர்ந்ததும் ஒப்பந்தக்காரர் மூட்டை கட்டுவார். அடுத்த வருஷம் சிமெண்டும் ஜல்லியும் விலை ஏறும். செலவு கூடிவிட்டதே என்று கோப்பு ஒரு சுற்று டெல்லி போய் வரும். கொங்கண் ரயில்வே 1990-இல் தொடங்கி 1998 ஜனவரியில் முடிந்தது. ஏறக்குறைய 740 கிலோமீட்டர், தொண்ணூறுக்கு மேல் சுரங்கம். அதற்கென்று தனிக் கழகம் அமைத்து, கடன்பத்திரம் விற்றுப் பணம் திரட்டினார்கள். பிச்சைத் தட்டோடு வருஷாவருஷம் வரிசையில் நிற்கவில்லை. வழி தெரியாமல் இல்லை. போடிக்கு அந்த வழி தேவையென்று யாருக்கும் தோன்றவில்லை.

போடியாவது பரவாயில்லை. சென்னையிலிருந்து மாமல்லபுரம் வழியாகக் கடலூருக்குப் புதுப் பாதை என்று காலங்காலமாகப் பேசுகிறார்கள். அதற்கு ரயில்வேயின் பட்ஜெட் ஒதுக்கீட்டுப் பட்டியலான பிங்க் புக்கில் ஆயிரம் ரூபாய் ஒதுக்கப்பட்டதுண்டு. கோடியை விட்டுவிட்டேன் என்று நினைக்கவேண்டாம். ஆயிரம். பத்து நூறு ரூபாய்த் தாள். திட்டம் உயிரோடிருக்கிறது என்று காட்டுவதற்கான கணக்குச் சம்பிரதாயமாம் அது. தீபாவளிக்கு முந்தின நாள் ஆம்னி பஸ்காரரிடம் இந்தத் தொகையை நீட்டினால் தேனிக்கு வேண்டாம், திண்டிவனம் தாண்டி ஒரு புளியமரத்தடியில் இறக்கிவிடுவார். இதை அச்சடித்து, நாடாளுமன்றத்தில் வைத்து, மேஜையைத் தட்டி நிறைவேற்றுகிறார்களே, ஒருவருக்காவது கூசவேண்டாமா? நம்மவர்களும் கோபமாக அறிக்கை விடுகிறார்கள். போடிக்கு ரயில் வந்த அன்று ‘எனது தொடர் முயற்சியால்’ என்று எல்லாக் கட்சியிலும் போஸ்டர் ஒட்டுகிறார்கள். இத்தனை பேர் தொடர்ந்து முயன்றுமா பன்னிரண்டரை வருஷம்?

தேனி வரைக்குமான 75 கிலோமீட்டர் 2022 மே 26-இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. எங்கே? சென்னை நேரு ஸ்டேடியத்தில். பிரதமர் இங்கே தொடங்கிவைத்தார், ரயில் ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது. ஐந்நூறு கோடிக்கு மேல் செலவாகியிருந்தது. மிச்சம் 15 கிலோமீட்டரை முடிக்க இன்னொரு வருஷம். 2023 ஜூன் 15-இல் போடியிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு நேரடி ரயில் புறப்பட்டது. கடைசி மீட்டர் கேஜ் வண்டி நின்றபோது பிறந்த பிள்ளை அதற்குள் ஏழாம் வகுப்பு.

வாரத்துக்கு மூன்று நாள் என்று அறிவித்தார்கள். அதே வருஷம் டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தைத் திறந்தார்கள். வடபழனியில் பையைத் தூக்கினால் எட்டிப்பிடிக்கிற தூரத்தில் கோயம்பேட்டில் நின்றுகொண்டிருந்த தென்மாவட்டப் பேருந்துகள் வண்டலூர் தாண்டிப் போய்விட்டன. ரயில் வந்துவிட்டதே, இனி பஸ் எதற்கு என்று யாரோ நினைத்திருக்கவேண்டும். மீதி நாலு நாளில் ஊரில் யாரும் சாகாமல் பார்த்துக்கொள்கிற பொறுப்பைத் தேனி மாவட்ட நிர்வாகத்திடம் ஒப்படைத்துவிட்டார்களா, சுற்றறிக்கை ஏதும் போயிருக்கிறதா என்று விசாரித்துச் சொன்னால், எங்கள் தெருவில் உள்ளவர்கள் அதற்கேற்ப டிக்கெட் போட்டுக்கொள்வார்கள்.