ஒரு கணினிக்கு மட்டும் ‘நெட் போவது’ பற்றி: தோப்பும்படியை முன்வைத்து ஒரு தருக்க ஆய்வு

கொச்சியின் தோப்பும்படியில் இணையம் அறுபட என்ன நியாயம் இருக்கிறது என்பதே நம் முதற்கேள்வி. சீ-மீ-வி 3, சேஃப் என்னும் கடலடிக் கேபிள்கள் கரையேறியது கொச்சியில். இணையம் பெறுவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று 2019 செப்டம்பரில் தீர்ப்பளித்தது கேரள உயர் நீதிமன்றம். 2023 ஜூனில் மாநில அரசே கே-ஃபோன் என்று ஒரு ஃபைபர் வலையைத் தொடங்கிவைத்தது. கடலும் நீதியும் அரசும் வாசல்வரை வந்து நிற்கின்றன. ஹாலில் செல்பேசியில் சினிமா ஓடுகிறது. உள்ளறை லேப்டாப்பில் மட்டும் வட்டம் சுற்றுகிறது. ‘நெட் போயி’ என்று குரல் எழுந்த மறுகணமே வீட்டார் கம்பெனியைத் திட்டத் தொடங்குகிறார்கள். இவ்வாய்வின் துணிபு வேறு. ஒரு கணினிக்கு மட்டும் இணையம் போகிறதென்றால் குற்றவாளி வீட்டை விட்டு வெளியே போகவில்லை. ரவுட்டருக்கும் அந்தக் கணினிக்கும் நடுவே, சில அடிகளுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறான்.

இதை நிறுவ மேல்நாட்டு நூல்கள் வேண்டாம். மணிமேகலை வஞ்சி மாநகரில் கேட்டறிந்த தருக்க அளவைகளே போதும். (வஞ்சி கொடுங்கல்லூரா கரூரா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. பக்கத்து ஊர் என்பதால் இவ்வாய்வு கொடுங்கல்லூர்க் கட்சி.) அவற்றுள் ஐதிகம் என்பது, இந்த மரத்தில் பேய் இருக்கிறது என்று ஊர் சொல்வதை அப்படியே நம்புவது. ‘கடலுக்கடியில் கேபிள் அறுந்துவிட்டதாம்’ என்பது இந்த வகைப் பேய். கேபிள் அறுவதுண்டு, 2008 ஜனவரி இறுதியில் அலெக்சாண்டிரியா அருகே அறுந்தபோது இந்தியா முழுக்கத் தள்ளாடியது. ஆனால் பாலத்தில் நெரிசல் என்றால் அதன் வழியே போகிற எல்லா பஸ்ஸும்தான் தாமதமாகும்; ஒரு வீட்டுப் பையன் மட்டும் நேரத்துக்கு வரவில்லையென்றால் பாலத்தைக் கேட்டுப் பயனில்லை. மீட்சி என்பது இன்னோர் அளவை: இராமன் வென்றான் என்றதுமே இராவணன் தோற்றது தானே பெறப்படும். அதே வைஃபையில் செல்பேசி வென்றால் கம்பெனி மீதான வழக்கு தோற்றது.

இங்கே வல்ல மறுப்பாளர் ஒருவர் எழுவார்: செல்பேசி நம்பத்தக்க சாட்சியா? கூர்மையான கேள்விதான். வைஃபை தளர்ந்தால் யாரையும் கேட்காமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவும் வழக்கம் பல செல்பேசிகளுக்கு உண்டு. ஆகவே டேட்டாவை அணைத்த பிறகே அதன் சாட்சியத்தை ஏற்க வேண்டும். இரண்டாம் மறுப்பு, ‘ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்தால் சரியாகிறதே, அப்போது குற்றம் ரவுட்டருடையதுதானே?’ என்பது. இது தடயத்தைக் கழுவிவிட்டுத் தீர்ப்பு எழுதும் முறை. ரவுட்டர் மறுபடி எழும்போது கணினியும் புதிதாக இணைகிறது, அலைவரிசைச் சானலும் மாறக்கூடும். எது குணப்படுத்தியது என்று எவராலும் சொல்ல முடியாது. முதலில் கணினியின் வைஃபையை மட்டும் அணைத்துப் போடுவதே முறை. இடவப்பாதி மழையைக் குற்றம் சாட்டுவோருக்கு விடை எளிது: போஸ்டில் தொங்கும் கேபிளை மழை கெடுத்திருந்தால் செல்பேசியும் சேர்ந்தே நனைந்திருக்கும்.

இனி அந்தச் சில அடிகள். கணினியிலிருந்து ரவுட்டருக்கு, பெரும்பாலும் 192.168.1.1 என்ற முகவரிக்கு, பிங் அனுப்பிப் பார்க்கலாம். பதில் ஒழுங்காக வந்தும் தளங்கள் திறக்கவில்லையென்றால் கணினிக்குள் இருக்கும் விபிஎன், டிஎன்எஸ் அமைப்புகளை விசாரிக்க வேண்டும். கணினியின் முகவரியே 169.254 என்று தொடங்கினால், ரவுட்டர் முகவரி கொடுக்காமல் அது தானே சூட்டிக்கொண்ட பட்டம் அது. பதில் வந்தும் வராமலும் விளையாடினால் வழியில் நிற்பவற்றைப் பார்க்க வேண்டும். பழைய வீடுகளின் தடித்த வெட்டுக்கல் சுவர், அதையொட்டி இரும்பு பீரோ, அந்த பீரோவுக்குப் பின்னால் அழகு கெடாதபடி ஒளித்துவைத்த ரவுட்டர்: உயர் நீதிமன்றம் தந்த உரிமை பீரோவைத் துளைக்காது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மைக்ரோவேவ் அடுப்பும் குறுக்கே பேசுகிறது. அருகில் செருகிய யுஎஸ்பி 3 ஹார்ட்டிஸ்க்கும் அதே அலைவரிசையில் இரைச்சல் எழுப்பும் என்பதை 2012இலேயே இன்டெல் காட்டியது. வயர் போட்டவரும் தப்பவில்லை. கேபிளின் எட்டுக் கம்பிகளில் ஒன்று செத்தாலும் ஜிகாபிட் வேகம் போய்விடும், பிழைத்த கம்பிகளைப் பொறுத்து 100 மெகாபிட்டில் நொண்டும். காயல் ஓரத்து உப்புக் காற்றில் செருகிகளின் முனையில் களிம்பு ஏறுவதும் உண்டு.

ஆகவே கம்பெனிக்கு விடுதலை. ஃபைபர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் மட்டும் வழக்கை மறுபடி எடுக்கலாம். அதுவரை கஸ்டமர் கேருக்கு போன் போடுமுன் வாசகர்கள் ஒரு லேன் கேபிள் வாங்கி, ரவுட்டரிலிருந்து கணினிக்கு நேராகச் செருகிப் பார்க்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். 100 மீட்டர் வரை அது தாங்கும். தோப்பும்படியில் அவ்வளவு நீளம் எந்த வீட்டுக்கும் தேவைப்படாது.