மேடைக்கு வராத தலைவர்கள்

1960-இல் கென்னடியும் நிக்சனும் தொலைக்காட்சியில் மோதியதிலிருந்து அதிபர் விவாதம் அமெரிக்கர்களுக்குப் படமெடுக்கத் தோதான சரக்கு. நம்மூரில் அப்படி ஒரு படம் எடுக்க, முதலில் விவாதம் நடக்க வேண்டுமே! ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரியாழ்வார் பாண்டியன் சபையில் வாதாடியபோது பொற்கிழி தானாகவே வளைந்துகொடுத்ததாம். இன்று கிழி வீடு தேடியே வருகிறது; வாதம்தான் வருவதில்லை. வாக்காளருக்கு விவாதமெல்லாம் புரியாது என்பவர்கள், ராஜபாளையத்துக் குமாரசாமி ராஜா முதலமைச்சராக இருந்தபடியே 1952 தேர்தலில் தோற்றதை மறந்துவிடுகிறார்கள். நாட்டின் முதல் பொதுத்தேர்தலிலேயே அவ்வளவு புரிந்திருந்தது. ‘நாம் தேர்ந்தெடுப்பது எம்.எல்.ஏ.வைத்தானே, தலைவர்கள் எதற்கு மோத வேண்டும்?’ என்பது அடுத்த சமாதானம். சட்டப்படி சரிதான். அப்படியானால் சுவரொட்டியில் வேட்பாளர் முகம் தபால்தலை அளவிலும், தலைவர் முகம் ஆண்டாள் தேர் உயரத்திலும் இருப்பது எந்தச் சட்டப்படி?