எந்த ஆன்டிவைரஸ் நல்லது?

கேள்வி: வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஆன்டிவைரஸ் காசு கொடுத்து வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸ் கூடவே வருகிறது. தனி விலை கிடையாது, ஆண்டுச் சந்தா கிடையாது. 2009-ல் இதன் முன்னோடி, வேண்டியவர்கள் இறக்கிக்கொள்ளும் இலவச மென்பொருளாக வந்தது. 2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது உள்ளேயே குடியேறிவிட்டது. ஆரம்பத்தில் சோதனைக் கூடங்களில் அது வாங்கிய மதிப்பெண் கடைசி பெஞ்ச் ரகம். அந்தக் காலத்துக் கெட்ட பெயர்தான் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஜெர்மனியின் மாக்டபர்க் நகரில் உள்ள ஏவி-டெஸ்ட் என்ற சோதனைக்கூடம் பாதுகாப்புக்கு 6, கம்ப்யூட்டரை மந்தமாக்காமல் இருப்பதற்கு 6, நல்ல ஃபைலைக் கெட்டது என்று கூச்சல் போடாமல் இருப்பதற்கு 6 என மொத்தம் 18 மதிப்பெண் தருகிறது. டிஃபெண்டர் சமீப ஆண்டுகளில் பல முறை 18-க்கு 18 வாங்கியிருக்கிறது. கடைக்காரர் இதைச் சொல்வதில்லை. இலவசப் பொருளில் அவருக்கு என்ன கிடைக்கப்போகிறது?

மெயில், யூடியூப், பிள்ளைகளின் பாடம், மின் கட்டணம், கொஞ்சம் வங்கி வேலை என்று ஓடும் வீட்டுக்கு டிஃபெண்டர் போதும். அது விழித்திருக்கிறதா என்பதை ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, பச்சை டிக் இருக்கிறதா என்று பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

கேள்வி: இது வைரஸ், இது இல்லை என்று அதற்கு எப்படித் தெரிகிறது?

பதில்: போலீஸ் ஸ்டேஷன் சுவரில் பழைய கேடிகளின் படம் ஒட்டியிருப்பதைப் போல, ஏற்கெனவே பிடிபட்ட வைரஸ்களின் அடையாளங்கள் ஆன்டிவைரஸிடம் பட்டியலாக இருக்கும். திறக்கப்படும் ஒவ்வொரு ஃபைலையும் அதோடு ஒப்பிடுகிறது. தினசரி அப்டேட் என்பது இந்தப் பட்டியலில் புதுப் படங்களை ஒட்டும் வேலை. ஆனால் வைரஸ் எழுதுகிறவர்கள் மீசையை எடுத்துவிட்டு வருவதைப் போல ஒவ்வொரு முறையும் தோற்றத்தை மாற்றுகிறார்கள். அதனால் இரண்டாவது முறை நடத்தையைக் கவனிப்பது. கால்குலேட்டர் என்று சொல்லிக்கொண்டு வந்த ஒரு ஆப், ‘மை டாக்குமென்ட்ஸ்’ ஃபோல்டருக்குள் நுழைந்து நூறு ஃபைல்களை வரிசையாகத் திருத்தி எழுத ஆரம்பித்தால், பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் பிடித்து நிறுத்தப்படும்.

வைரஸே தன் அடையாளத்தைக் கையில் கொடுத்த காலமும் உண்டு. ஐபிஎம் பிசியில் பரவிய முதல் வைரஸ் என்று சொல்லப்படும் ‘பிரெய்ன்’ 1986-ல் லாகூரில் கடை வைத்திருந்த இரண்டு சகோதரர்கள் எழுதியது. அதற்குள் தங்கள் பெயர், கடை முகவரி, போன் நம்பர் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார்கள். அந்த நாகரிகம் அப்போதே போய்விட்டது.

கேள்வி: ஒன்றுக்கு இரண்டாகப் போட்டு வைத்தால் இரட்டிப்புப் பாதுகாப்புதானே?

பதில்: ஒரே உறையில் இரண்டு கத்தி. ஒரு ஃபைல் திறக்கும்போது இரண்டும் பாய்ந்து அதைப் பிடிக்கும். கம்ப்யூட்டர் நடுவில் நின்று விழிக்கும். அதனால்தான் வேறு ஆன்டிவைரஸ் வந்தவுடன் டிஃபெண்டர் தானாக ஒதுங்கிக்கொள்கிறது. இங்கேதான் ஒரு பொறி. புது லேப்டாப்போடு ஒட்டிவரும் டிரையல் ஆன்டிவைரஸ் முப்பது நாளிலோ ஓராண்டிலோ காலாவதியாகும். பிறகு அதன் வேலை, ‘புதுப்பியுங்கள்’ என்று தினமும் மிரட்டுவது மட்டும்தான். பணம் கட்டும் எண்ணம் இல்லையென்றால் அதை அன்இன்ஸ்டால் செய்துவிட வேண்டும். டிஃபெண்டர் திரும்பி வந்துவிடும்.

கேள்வி: பிற கம்பெனிகளின் இலவச ஆன்டிவைரஸ்?

பதில்: இலவசமாகத் தருகிறவர்களுக்கும் சம்பளம் கொடுக்க ஆட்கள் உண்டு. அவாஸ்ட் நிறுவனம், பயனாளர்கள் எந்தெந்த இணையதளத்துக்குப் போகிறார்கள் என்ற விவரத்தைத் தன் துணை நிறுவனம் ஒன்றின் வழியாக விற்று வந்தது. விஷயம் வெளியே வந்ததும் 2020-ல் அந்தத் துணை நிறுவனத்தை மூடியது. 2024-ல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் இதற்காக 1.65 கோடி டாலர் கட்டச் சொன்னது. வேவு பார்ப்பவர்களிடமிருந்து காப்பதாகச் சொன்ன மென்பொருளின் கதை இது.

இன்னொரு வேடிக்கை: நார்ட்டன், அவாஸ்ட், ஏவிஜி, அவீரா நான்கும் இன்று ஜென் டிஜிட்டல் என்ற ஒரே நிறுவனத்தின் சரக்கு. நாலு கடை ஏறி இறங்கி ஒப்பிட்டுப் பார்த்தவர் கடைசியில் பார்த்தது ஒரே முதலாளியின் நாலு கல்லாப் பெட்டிகளை.

கேள்வி: சரி, காசு கொடுத்தே வாங்குவதென்றால் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: பிள்ளைகளின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்த வேண்டும், அல்லது இரண்டு லேப்டாப், நாலு போன் எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து மேற்பார்க்க வேண்டும் என்றால் வாங்குவதில் நியாயம் உண்டு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடையில் அடுக்கி வைத்திருக்கும் அட்டைப் பெட்டிகளில் ‘டோட்டல்’, ‘அல்டிமேட்’, ‘இன்டர்நெட் செக்யூரிட்டி’ என்று விதவிதமாக அச்சடித்திருக்கும். உள்ளே வைரஸ் பிடிக்கும் இயந்திரம் பெரும்பாலும் ஒன்றுதான். விலை ஏற ஏறக் கூடுவது விபிஎன், பாஸ்வேர்டு பெட்டி, ‘பிசி டியூன்-அப்’ போன்ற பக்கவாத்தியங்கள்.

பெட்டியை விட்டுவிட்டு, ஏவி-டெஸ்டும் ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக் நகரிலுள்ள ஏவி-கம்பேரட்டிவ்ஸும் வெளியிடும் முடிவுகளைப் பார்ப்பது நல்லது. ஒரு முறை முதலிடம் வந்ததைவிட, நாலைந்து சுற்றுகளாகச் சறுக்காமல் நிற்பதே தகுதி. அடுத்து, முதலாண்டு விலையைப் பார்க்காமல் இரண்டாம் ஆண்டு விலையைப் பார்க்க வேண்டும். பாதி விலைக்குக் கொடுத்துவிட்டு, மறு ஆண்டு முழு விலையைக் கார்டிலிருந்து கேட்காமலே எடுத்துக்கொள்ளும் ஆட்டோ ரெனியூவல் இந்தத் தொழிலில் சகஜம்.

உள்ளூர்ச் சரக்கு என்றால் மட்டம் என்ற நினைப்பும் வேண்டியதில்லை. கே7 கம்ப்யூட்டிங் 1991-ல் சென்னையில் தொடங்கப்பட்டது, ஜப்பானிலும் விற்கிறது. குவிக் ஹீல் புனேயைச் சேர்ந்தது.

எல்லாவற்றுக்கும் மேலே, நம்பிக்கை. கம்ப்யூட்டருக்குள் எந்த ஃபைலையும் திறக்கவும் அழிக்கவும் உரிமை பெற்றது ஆன்டிவைரஸ். 2010 ஏப்ரலில் மெக்காஃபி அனுப்பிய ஒரு தவறான அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் முக்கிய ஃபைல் ஒன்றையே வைரஸ் என்று முடிவு கட்டியது; ஏராளமான கம்ப்யூட்டர்கள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டே இருந்தன. ரஷ்ய நிறுவனமான காஸ்பர்ஸ்கி சோதனைகளில் நல்ல மதிப்பெண் வாங்கியதுதான். ஆனாலும் 2024-ல் அமெரிக்கா அதன் விற்பனைக்குத் தடை போட்டது. மதிப்பெண் வேறு, நம்பிக்கை வேறு.

கேள்வி: ‘கிராக்’ செய்த ஆன்டிவைரஸ் ஓசியில் கிடைக்கிறதே?

பதில்: பூட்டைத் திருடனிடமே வாங்கி, இன்னொரு சாவி அவனிடமே இருக்கட்டும் என்று விட்டுவிடுவது. கிராக் செய்த எந்த மென்பொருளோடும் வரும் குறிப்பின் முதல் வரியைப் படித்தாலே போதும்: ‘முதலில் ஆன்டிவைரஸை ஆஃப் செய்யவும்.’

கேள்வி: ஆன்டிவைரஸ் போட்டதிலிருந்து கம்ப்யூட்டர் நத்தை மாதிரி ஊர்கிறதே?

பதில்: 4 ஜிபி ராமும் பழைய ஹார்ட் டிஸ்க்கும் இருக்கும் இடத்தில் எது வந்தாலும் ஊரத்தான் செய்யும். எஸ்எஸ்டி மாற்றினால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

கேள்வி: ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த பென்டிரைவில் எல்லா ஃபோல்டரும் ஷார்ட்கட் ஆகிவிடுகிறது. ஏன்?

பதில்: பென்டிரைவில் நடப்பதை உற்றுப் பார்க்கலாம். ‘கல்யாண போட்டோ’ என்ற ஃபோல்டர் அதே பெயரில், அதே மஞ்சள் நிறத்தில் இருக்கிறது. ஆனால் கீழே இடது மூலையில் சின்னதாக ஒரு வளைந்த அம்புக்குறி. அளவைப் பார்த்தால் ஒன்றிரண்டு கேபிதான். உண்மையான ஃபோல்டரை வைரஸ் ஒளித்துவைத்துவிட்டு, அதன் வேஷத்தில் ஒரு ஷார்ட்கட்டை உட்கார வைத்திருக்கிறது. அதை டபுள் கிளிக் செய்தால் முதலில் வைரஸ் ஓடும், அடுத்த நொடி போட்டோக்களும் திறக்கும். திறந்துவிட்டதே என்று யாரும் சந்தேகப்படுவதில்லை. போட்டோக்கள் போய்விட்டன என்று பதறி ஃபார்மட் செய்பவர்கள்தான் அவற்றை உண்மையிலேயே இழக்கிறார்கள். முதலில் ஸ்கேன், பிறகு மறைந்த ஃபைல்களைக் காட்டும் வசதியைத் திறந்து போட்டோக்களை வேறிடத்துக்கு எடுத்துக்கொண்டு, அதற்குப் பிறகு ஃபார்மட்.

கேள்வி: ‘உங்கள் கணினியில் 5 வைரஸ்கள்’ என்று திரையின் மூலையில் அடிக்கடி எச்சரிக்கை வருகிறது. இது எந்த ஆன்டிவைரஸ்?

பதில்: எதுவும் இல்லை. என்றோ ஒரு நாள் ஓசிப் படம் பார்க்கப் போன தளம் ‘அலவ்’ பட்டனை அமுக்கச் சொல்லியிருக்கும். பிரவுசரில் நோட்டிஃபிகேஷன் அனுப்பும் அனுமதி அது. பிரவுசர் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் பகுதிக்குப் போய் அந்தத் தளத்தை நீக்கினால் ஐந்து வைரஸ்களும் ஒரே கிளிக்கில் செத்துவிடும். எச்சரிக்கையோடு போன் நம்பரும் இருந்தால் அது மோசடி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். மைக்ரோசாஃப்டின் எச்சரிக்கைகளில் போன் நம்பர் வருவதில்லை.

கேள்வி: ஆன்டிவைரஸ் வேலை செய்கிறதா என்று சோதிக்க வழி உண்டா?

பதில்: உண்டு. ஐகார் என்ற ஐரோப்பிய அமைப்பு 68 எழுத்துகள் கொண்ட ஒரு வரியைத் தன் தளத்தில் வைத்திருக்கிறது. அது வைரஸ் அல்ல, எந்தத் தீங்கும் செய்யாது. ஆனால் அதைக் கண்டால் வைரஸ் என்றே நடத்துவது என்று ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் ஒத்துக்கொண்டிருக்கின்றன. ஃபைலாக இறக்கியவுடன் எச்சரிக்கை வர வேண்டும். வராவிட்டால் காவல்காரர் தூங்குகிறார்.

கேள்வி: நல்ல ஆன்டிவைரஸ் இருக்கும்போது விண்டோஸ் அப்டேட் எதற்கு?

பதில்: 2017 மே 12-ல் உலகெங்கும் பரவிய ‘வானாகிரை’ என்ற வைரஸ் கம்ப்யூட்டர்களைப் பூட்டிவிட்டு 300 டாலர் கேட்டது. பிரிட்டன் அரசு மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போயின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே கொடுத்திருந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது; இன்னும் அதிலேயே இருப்பவர்கள், ஆன்டிவைரஸ் வாங்க வைத்திருக்கும் பணத்தை விண்டோஸை மாற்றுவதற்கு வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

வானாகிரை போன்ற ரான்சம்வேர் ஒருமுறை பூட்டிவிட்டால், அதற்குப் பிறகு ஆன்டிவைரஸ் போட்டுப் பயனில்லை. வைரஸ் போகும், பூட்டு போகாது. வேறொரு ஹார்ட் டிஸ்கில் எடுத்துவைத்த பிரதிதான் மிஞ்சும். அந்த டிஸ்க் எப்போதும் கம்ப்யூட்டரில் சொருகியே இருந்தால் அதுவும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும்.

கேள்வி: எல்லாம் சரியாக இருந்தும், வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்னவரிடம் ஓடிபியைச் சொல்லிவிட்டால்?

பதில்: வாயை ஸ்கேன் செய்யும் ஆன்டிவைரஸ் இன்னும் வரவில்லை. பணம் போனது தெரிந்தவுடன் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். இந்தியா முழுவதற்குமான சைபர் நிதி மோசடி உதவி எண் அது. பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் புகார் போய்ச் சேர்ந்தால் முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு.