தலைவர் வீட்டுக்காரர்

1992-இல் வந்த 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் ஊராட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு இடத்தைப் பெண்களுக்குத் தந்தது. 2016-இல் தமிழ்நாடு அதைப் பாதி இடங்களாக உயர்த்தியது. கூடவே, எந்தச் சட்டத்திலும் இல்லாத இன்னொரு பதவியும் தானாக முளைத்தது: தலைவர் வீட்டுக்காரர்.

ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, 'ஊராட்சி மன்றத் தலைவர்' என்று சிவப்பில் எழுதிய பொலேரோ. போஸ்டரில் ஆளுயரத்துக்குக் கும்பிடுவது அவர்தான். தலைவர் மூலையில், ரேஷன் கார்டு போட்டோ அளவில். "தலைவரே" என்று கூப்பிட்டால் திரும்புவதும் அவர்தான்.

ஒரே தொல்லை, காசோலை. தலைவரும் துணைத் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டுக்காரர் கையெழுத்து செல்லாது. அதனால் செக் புத்தகம் அடுப்படிவரை போய், ஓரத்தில் சாம்பார்க் கறையோடு திரும்பும்.

எங்கள் ஊரில் ஆகஸ்ட் 15 கிராம சபை. குடிதண்ணீர் மோட்டார் பற்றித் தலைவரம்மா பேச எழுந்தார். "நீ உட்காரு, நான் சொல்றேன்" என்றார் வீட்டுக்காரர்.

பின்வரிசைப் பாட்டி விடவில்லை. "ஓட்டு ஒனக்காய்யா போட்டேன்? அவ பேசட்டும்."

கூட்டம் சிரித்தது. வீட்டுக்காரர் பெரிய மனசு பண்ணி மைக்கை வாங்கினார். "இப்போது தலைவர் பேச நான் அனுமதி அளிக்கிறேன்."