எங்கள் தெருவை லாரி நிறுத்தமாக அறிவிக்கக் கோரும் விண்ணப்பம்

பெறுநர்: நகராட்சி ஆணையர் அவர்கள்
பொருள்: குடியிருப்புத் தெருவைக் கனரக வாகன நிறுத்தமாக அறிவிக்கக் கோருதல் தொடர்பாக
பார்வை: 1. எனது மனுக்கள் நான்கு. 2. தங்கள் பதில் ஒன்று: ‘ஆவன செய்யப்படும்.’

ஐயா,

பார்வை இரண்டில் கண்ட ‘ஆவன’ இன்றுவரை எங்கள் தெருவுக்கு வந்து சேரவில்லை. வழியில் ஏதாவது லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருக்கலாம். ஆகவே பழைய மனுக்களை வாபஸ் வாங்கிக்கொண்டு இதைச் சமர்ப்பிக்கிறேன். எங்கள் தெரு லாரி நிறுத்தமாகி ஒன்றரை வருடம் ஆகிறது. காகிதம்தான் பாக்கி.

பகலில் நகருக்குள் லாரி நுழையத் தடை. நல்ல ஏற்பாடு, குறை சொல்லமாட்டேன். ஆனால் தடுக்கப்பட்ட லாரி பகல் முழுக்க எங்கே நிற்கும் என்று தடை போட்டவர்கள் யோசித்த மாதிரி தெரியவில்லை. லாரிக்காரர்கள் யோசித்துவிட்டார்கள். எம்-சாண்ட் ஏற்றிய டிப்பர்கள் காலை பத்து மணிவாக்கில் புறவழிச்சாலையிலிருந்து இறங்கி எங்கள் தெருவில் வரிசையாக ஒதுங்குகின்றன. முன்னால் கேபினுக்கு வேப்பமர நிழல், பின்னால் லோடுக்கும் தாருக்கும் வெயில். இருட்டியதும் கிளம்பிவிடும். சூரியன் உச்சியில் இருக்கும்போது தாரின் மேல் சுமையோடு நிற்பது, சூரியன் இறங்கியதும் ஓடுவது. தார்ச்சாலையைக் கெடுக்க இதைவிடத் தோதான கால அட்டவணையை யாராலும் போட முடியாது.

தங்கள் அலுவலகத்துக்குத் தெரியாததல்ல, ஆனாலும் சொல்கிறேன். விஜி-30 தாரின் இளகுநிலை குறைந்தது 47 டிகிரி இருந்தால் போதும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். மே மாத மதியத்தில் சாலையின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தொடுவது சாதாரணம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 1927-ல் ஒரு புனலில் கீல் ஊற்றி வைத்து, 1930-ல் அதன் அடியை வெட்டிவிட்டார்கள். சுத்தியலால் அடித்தால் சிதறும் அந்தக் கீல், 2014 வரைக்கும் ஒன்பது சொட்டு விட்டிருக்கிறது. தார் அதற்குத் தம்பி முறை. வந்த வேகத்தில் கடந்துபோகும் சக்கரத்துக்குக் கல்லாய் நிற்கும். ஒரே இடத்தில் உட்கார்ந்து அழுத்தும் சக்கரத்துக்கு வெல்லப்பாகு மாதிரி ஒதுங்கி வழிவிடும். அங்கே சொட்டுக்குப் பத்து வருடம் காத்திருக்கிறார்கள். எங்கள் வாசலில் ஒரே சித்திரை மாதத்தில் சோதனை முடிந்துவிட்டது. பள்ளத்தைப் பையனின் அளவுகோலால் அளந்தேன்: ஏழு சென்டிமீட்டர். ஒதுங்கிய தார் பள்ளத்தின் இருபக்கமும் வரப்பு கட்டியிருக்கிறது. நாற்று நடலாம்.

ஏப்ரலில் ஒரு டிப்பருக்குப் பின்சக்கரம் பஞ்சர். டிரைவர் ஜாக்கியை இறக்குவதற்கு முன்னால் கேபினிலிருந்து ஒரு பலகைத் துண்டை எடுத்து வந்து தரையில் போட்டார். “எதுக்குண்ணே பலகை?” என்றேன். “வெயில்ல தார் இளகிக் கெடக்குதுங்க சார். வெறுந்தரையில வச்சா ஜாக்கி உள்ள எறங்கிரும்” என்றார். எனது நான்கு மனுக்களின் சாரமும் இதுதான். ஜாக்கிக்குப் பலகை போடத் தெரிந்த அந்த மனிதரைத் தங்கள் பொறியியல் பிரிவுக்கு ஆலோசகராகப் போடலாம். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. நிறுத்த வேறு இடம் கொடுத்தால் அவர் ஏன் என் வீட்டு கேட்டை மறைக்கப் போகிறார்?

எடைக் கணக்கும் உண்டு. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை லாரிகளை ஓயாமல் ஓட்டிப் பார்த்து ஒரு விதி கண்டார்கள்: சாலைக்கு வரும் சேதம், அச்சுச் சுமையின் ஏறக்குறைய நான்காம் படி அளவுக்கு ஏறும். ஒரு டன் அச்சுக்குப் பதில் பத்து டன் அச்சு ஏறினால், சேதம் பத்து மடங்கல்ல, பத்தாயிரம் மடங்கு. அதுவும் ஓடும் லாரிக்கான கணக்கு. 2018-ல் மத்திய அரசு மூன்று அச்சு லாரியின் மொத்த எடை வரம்பை 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்த்தியது. லாரி உரிமையாளர்களுக்குத் தெரிந்தது. கடைசியாக ஒரு அங்குலம் சொச்சம் தார் பூசிய எங்கள் தெருவுக்கு மட்டும் யாரும் தகவல் அனுப்பவில்லை.

இனி அதிகார எல்லை. விசாரித்ததில், பள்ளம் தங்களுடையது. பள்ளத்தில் நிற்கும் டயர் போக்குவரத்துக் காவலருடையது. பள்ளத்தில் தேங்கும் தண்ணீர் சுகாதாரப் பிரிவுடையது, அதாவது கொசுவானபின். மோட்டார் வாகனச் சட்டம் 127-ஆம் பிரிவின்படி, பொது இடத்தில் ஆளில்லாமல் பத்து மணி நேரம் நிற்கும் வண்டியைக் காவல்துறை அப்புறப்படுத்தலாம். டிரைவர் கேபினில் தூங்குகிறார். ஆக ஆள் இருக்கிறார், சட்டம் திருப்தி.

தாங்கள் மறுபடி ரோடு போடுவீர்கள் என்பதும் தெரியும். பழைய தளத்தைச் சுரண்டிவிட்டுத்தான் புதுசு போட வேண்டும் என்று 2021-ல் மேலிடத்து உத்தரவு வந்தது. எங்கள் தெருவில் சுரண்டும் செலவு மிச்சம், டயர்களே பாதி வேலையை முடித்துவிட்டன. உத்தரவுக்கு முந்தைய ரோடுகள் விழுங்கியது போக, என் வீட்டுக்கு ஏறிய மூன்று படியில் இப்போது ஒன்றுதான் வெளியே தெரிகிறது. மற்ற இரண்டும் தங்கள் பராமரிப்பில் உள்ளன.

ஆகவே தெருவை நிறுத்தமாக அறிவித்து, கட்டணம் வசூலித்து, அந்தப் பணத்தில் அடியில் கான்கிரீட் போட்டுத் தாருங்கள். அல்லது புறவழிச்சாலையோரம் சும்மா கிடக்கும் இடத்தில் கெட்டியான தளம் போட்டு லாரிகளை அங்கே நிற்கவிடுங்கள். இரண்டாவதற்குச் செலவு குறைவு என்பதால் தயக்கத்தோடுதான் சொல்கிறேன்.

நேரில் பார்வையிடுவதானால் மதியம் மூன்று மணிக்கு வரவும். ஜீப்பைத் தெருமுனையிலேயே விட்டுவிடவும், உள்ளே இடமில்லை.

இப்படிக்கு,
சொத்துவரி பாக்கி இல்லாதவன்

இணைப்பு: 1. சொத்துவரி ரசீது (நகல்). 2. இடது கால் செருப்பு (அசல்). வலது கால் செருப்பு இன்னும் தாரில் இருக்கிறது.